‘வைரஸ் இல்லை’ என்னும் சான்று

தக்காளி விதைக்குவியல் ஒன்று நாடுவிட்டு நாடு போகும்போது அதனுடன் ஓர் ஆய்வக அறிக்கையும் போகிறது. குவியலிலிருந்து 3,000 விதைகளை எடுத்து அரைத்துச் சோதித்தோம், வைரஸ் தென்படவில்லை என்பது அதன் சாரம். வாங்குபவர் இதை ‘இந்த விதையில் வைரஸ் இல்லை’ என்று புரிந்துகொள்கிறார். ஆனால் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஆயிரத்துக்கு ஒரு விதை மாசுபட்டிருக்கும் குவியலிலிருந்து 3,000 விதைகளை எடுத்தால், மாசுபட்ட விதை ஒன்றுகூட அதில் சிக்காமல் போக ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே அந்த அறிக்கை தரும் உறுதி இவ்வளவுதான்: மாசு 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை கண்டுபிடித்திருப்போம். 0.05 சதவீதமாக இருந்தால், ஐந்தில் ஒரு முறைக்கும் மேல் அது நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியைக் கொண்டுவந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எடுக்காத விதையை எந்தக் கருவியும் படிக்க முடியாது.

இதைச் சொல்வது விதைச் சோதனையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல. காய்கறி விதைகளில் வைரஸைக் கண்டறியும் அறிவியல் கடந்த அரை நூற்றாண்டில் பெரும் தொலைவு வந்திருக்கிறது. ஆனால் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் மூன்று வேறு கேள்விகள் புதைந்து கிடக்கின்றன. எத்தனை விதைகளில் இல்லை? எந்தச் சோதனையின் கண்ணில் இல்லை? விதையின் எந்தப் பகுதியில் இல்லை? இந்த மூன்றையும் பிரித்துக் கேட்காத சான்று உழவருக்கும் உதவாது, சட்டத்துக்கும் உதவாது. மூன்றையும் பிரித்துக் கேட்டால் கிடைக்கும் விடையோ நம்மை ஆய்வகத்தை விட்டு வெளியே, விதை உருவாகும் தாய்ச்செடியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. என் வாதம் அதுதான்.

முதல் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தந்தது தக்காளி அல்ல, லெட்யூஸ் கீரை. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஆண்டின் பெரும்பகுதியும் ஏதாவதொரு வயலில் லெட்யூஸ் நிற்கும். அங்கே லெட்யூஸ் தேமல் வைரஸ் விளைச்சலைச் சீரழித்துவந்தது. இந்த வைரஸ் விதை வழியே பரவும் என்பது 1920களிலேயே தெரியும். ஆனால் நோயுற்ற செடி தரும் விதைகளில் ஒரு சிறு பங்குதான் வைரஸைச் சுமக்கும் என்பதால், இவ்வளவு சிறிய பங்கா இவ்வளவு பெரிய நாசத்துக்குக் காரணம் என்ற சந்தேகம் நீண்ட காலம் நீடித்தது. 1950களில் செடிநோய் ஆய்வாளர் கிரோகனும் அவருடைய கூட்டாளிகளும் வைரஸற்ற விதையை விதைத்துக் காட்டி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தார்கள். விதையிலிருந்து வரும் நோயுற்ற நாற்று வயலெங்கும் சிதறி நிற்கிறது. பச்சைப் பீச் அசுவினி அதை உறிஞ்சி, சில நொடிகளிலேயே பக்கத்துச் செடிக்கு வைரஸைக் கொண்டுபோகிறது. ஒரு ஹெக்டேரில் அறுபதாயிரம் செடிகள் நின்றால், 0.1 சதவீத மாசு என்பது அறுபது நோய்த் தொடக்கப் புள்ளிகள். 0.1 சதவீதம்கூட சலினாஸுக்குப் பாதுகாப்பானதல்ல என்று வயல் சோதனைகள் காட்டின. கடைசியில் 30,000 விதைகளில் ஒன்றில்கூட வைரஸ் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. அப்போது எலைசா, பிசிஆர் போன்ற ஆய்வகச் சோதனைகள் இல்லை. பூச்சி புகாத கண்ணாடிக் குடிலில் அத்தனை விதைகளையும் முளைக்கவைத்து, நாற்று நாற்றாகக் கண்ணால் பார்த்தார்கள்.

இதே வைரஸுக்கு, இதே பயிருக்கு, நெதர்லாந்தில் 2,000 விதைகளில் ஒன்றுமில்லை என்றால் போதும் என்ற வரம்பு நடைமுறையில் இருந்தது. ஒரு பக்கம் 2,000, இன்னொரு பக்கம் 30,000. இதைப் பார்த்து ஒரு நாடு அக்கறையுள்ளது, மற்றது அக்கறையற்றது என்று முடிவுகட்டுவது பிழை. அசுவினி எவ்வளவு, பயிர் எத்தனை மாதம் தொடர்ந்து நிற்கிறது, பக்கத்து வயலில் முதிர்ந்த பயிர் இருக்கிறதா என்பவை இரண்டு இடங்களிலும் வேறு வேறு. சலினாஸை உள்ளடக்கிய மான்டரே மாவட்டத்தில் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் லெட்யூஸே நிலத்தில் இருக்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்தபோதுதான் விதை வரம்பு முழுப் பலன் தந்தது. எத்தனை விதைகளைச் சோதிப்பது என்பதை ஆய்வகத்தின் வசதியோ வணிகத்தின் பேரமோ தீர்மானிக்கக் கூடாது. அந்த வைரஸ் அந்த வயலில் பரவும் வேகம் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பாடம் எழுபது ஆண்டுப் பழையது. இன்றும் பல விதிமுறைகளில் அது மறக்கப்பட்டிருப்பது வருத்தத்துக்குரியது.

தக்காளிக்கு வருவோம். 2014ல் இஸ்ரேலின் தென்பகுதியில், வைரஸ் எதிர்ப்புத் திறன் கொண்டவை என்று நம்பி வளர்த்த தக்காளிகளில் தேமல் தோன்றியது. அடுத்த ஆண்டு ஜோர்டானிலும் தோன்றியது. அங்கே ஆராய்ந்தவர்கள் 2016ல் இதைப் புதிய வைரஸ் என்று அறிவித்தார்கள். டொமேட்டோ பிரவுன் ரூகோஸ் ஃப்ரூட் வைரஸ் என்பது அதன் பெயர். பழத்தின் மேல் பழுப்புத் திட்டுகளையும் சுருக்கங்களையும் உண்டாக்குவதால் வந்த பெயர் அது. புகையிலைத் தேமல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே குச்சி வடிவம், ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம், அசாத்தியமான உறுதி. தக்காளியின் டிஎம்-2² என்ற எதிர்ப்பு மரபணு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குடும்பத்தைத் தடுத்துவந்தது. ரூகோஸ் வைரஸ் அந்த அரணைத் தாண்டியது. 2018ல் மெக்சிகோ, ஜெர்மனி, இத்தாலி. 2019ல் நெதர்லாந்து, இங்கிலாந்து, சீனா என்று நாலைந்து ஆண்டுகளில் அது கண்டங்களைக் கடந்தது. இதற்கு அசுவினி தேவையில்லை, வெள்ளை ஈ தேவையில்லை. கை, கத்தி, கையுறை, கட்டும் கயிறு, பழப்பெட்டி, மகரந்தச் சேர்க்கைக்காகக் குடிலில் விடப்படும் பம்பிள் தேனீ என்று செடியின் சாறு படும் எதுவும் அதைச் சுமக்கும். ஆனால் கையும் கத்தியும் கடல் தாண்டுவதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் அது இத்தனை வேகமாகப் போனதற்கு விதை வணிகமே முதன்மையான வழியாகக் கருதப்படுகிறது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. இந்த வைரஸ் விதையிலிருந்து நாற்றுக்குப் போகும் விகிதம் மிகக் குறைவு. இத்தாலியில் டேவினோ குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற பழங்களின் விதைகளிலிருந்து வந்த நாற்றுகளில் வித்திலைப் பருவத்தில் 2.8 சதவீதத்திலும், மூன்றாம் இலைப் பருவத்தில் 1.8 சதவீதத்திலும்தான் வைரஸ் இருந்தது. வேறு ஆய்வுகளில் இதைவிடவும் குறைந்த அளவே பதிவாகியிருக்கிறது. அப்படியானால் 3,000 விதைச் சோதனையைத் தாண்டிவந்த குவியலைப் பற்றிக் கவலைப்படலாமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.1 சதவீத விதைகள் மாசுபட்டவை, அவற்றில் 2.8 சதவீதம் நாற்றுக்கு நோயைக் கடத்துகின்றன என்றால் பத்து லட்சம் நாற்றுகளில் 28. கேட்கச் சொற்பம். ஆனால் பெரிய நாற்றுப்பண்ணைகளில் பத்து லட்சம் என்பது சாதாரண உற்பத்தி. பசுமைக்குடில் தக்காளியில் வேர்ச்செடி ஒரு விதை, மேல்செடி இன்னொரு விதை. இரண்டையும் வெட்டி ஒட்டுக்கட்டுகிறார்கள். நோயுற்ற ஒரு நாற்றை வெட்டிய கத்தி அடுத்தடுத்த நாற்றுகளையும் வெட்டுகிறது. அந்த 28 நாற்றுகளும் 28 குடில்களுக்குப் பிரிந்து போனால், ஒவ்வொன்றும் ஒரு தொடக்கம். வாரந்தோறும் பக்கக் கிளை கிள்ளி, கொடி சுற்றி, பழம் பறிக்கும் கைகள் மீதி வேலையைச் செய்துவிடும். லெட்யூஸில் அசுவினி செய்ததைத் தக்காளியில் மனித உழைப்பு செய்கிறது. கடத்தும் விகிதம் குறைவு என்பது, மனிதக் கை இத்தனை முறை தொடும் பயிரில் ஆறுதலான செய்தி அல்ல.

இதை உணர்ந்த நாடுகள் எண்ணிக்கையை உயர்த்தின. வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸும் இதே குடும்பம். 2014ல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் கேத்தரின் ஊரைச் சுற்றிய தர்பூசணி வயல்களில் அது தென்பட்டதும், இறக்குமதியாகும் பூசணிக் குடும்ப விதைகளில் 9,400 விதைகளைச் சோதிக்க வேண்டும் என்று அந்நாடு விதித்தது. தக்காளி, மிளகாய் விதைகளுக்கு 20,000 கேட்டது. 20,000 விதைகளில் ஒன்றுமில்லை என்றால் மாசின் மேல்வரம்பு 0.015 சதவீதம். 3,000 விதைச் சோதனையைவிட ஏழு மடங்கு உறுதி. எனினும் 2024 ஆகஸ்டில் தென் ஆஸ்திரேலியாவின் தக்காளிக் குடில்களில் ரூகோஸ் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அதை முற்றாக ஒழிப்பது தொழில்நுட்ப ரீதியாக இயலாது என்று அந்நாட்டு அதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள். அது எந்த வழியாக வந்திருந்தாலும், எல்லையில் வைக்கும் சோதனை எவ்வளவு கடுமையானதானாலும் அது மட்டுமே ஒரு நாட்டைக் காக்காது என்பதை அந்த நிகழ்வு காட்டிவிட்டது.

எண்ணிக்கை வாதத்துக்கு வல்லுநர்கள் சிலர் சொல்லும் மறுப்பு இது: பிசிஆர் சோதனை ஆயிரம் விதைகளின் சாற்றில் ஒரு விதையின் மாசையும் காட்டிவிடுகிறதே, இத்தனை நுண்ணிய கருவி கையில் இருக்கும்போது ஐம்பதுகளின் கணக்கை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? நுண்ணுணர்வுக்கும் மாதிரி அளவுக்கும் தொடர்பில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்வி இதைவிட ஆழமானது: அந்தக் கருவி எதைக் காண்கிறது? 1977ல் கிளார்க்கும் ஆடம்ஸும் செடி வைரஸ்களுக்கு எலைசாவைக் கொண்டுவந்தபோது, அது வைரஸின் புரத உறையைக் கண்டது. பிசிஆர் அதன் மரபுப் பொருளின் ஒரு துண்டைக் காண்கிறது. இரண்டுமே வைரஸ் உயிர்ப்புடன் இருக்கிறதா, ஒரு செடியை நோய்க்கு ஆளாக்க வல்லதா என்பதைக் காண்பதில்லை. அதைக் காண இன்றும் பழைய வழிதான். விதைச் சாற்றைப் புகையிலை இனச் செடியின் இலையில் தேய்த்து, சில நாள்களில் புள்ளிப் புண்கள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பது. குடில் வேண்டும், நாள்கள் வேண்டும், பழகிய கண் வேண்டும். அதனால்தான் வணிக ஆய்வகங்களில் அதற்கு இடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்களைப் பற்றிய விவாதமே சான்று. தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ் விதை வழியாகவும் கடக்கிறது என்று 2016ல் கொரிய ஆய்வொன்று அறிவித்தது. நோயுற்ற செடியின் விதைகளில் பிசிஆர் அதன் மரபுப் பொருளைக் கண்டது. நாற்றுகளிலும் கண்டதாக அந்த ஆய்வு கூறியது. உலக விதை வணிகமே அதிர்ந்தது. ஸ்பெயினில் அடுத்தடுத்து நடந்த ஆய்வுகள் வேறு முடிவுக்கு வந்தன: வைரஸ் விதையின் மேல் இருக்கிறது, ஆனால் நாற்றுக்குப் போகவில்லை. விதையில் இருப்பது ஒன்று, விதையால் கடத்தப்படுவது வேறொன்று. அதற்காக இந்த வைரஸ் குடும்பம் முழுவதற்கும் நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல், சௌசௌவைத் தாக்கும் தக்காளி இலைச்சுருள் நியூ டெல்லி வைரஸின் தனி வகை ஒன்று விதை வழியே கடக்கிறது என்று பதிவு செய்தார்கள். சௌசௌவில் முளைவிட்ட முழுக் காயையே நடுகிறோம். விதை என்பதும் காய்ச்சதை என்பதும் அங்கே பிரிவதில்லை. ஒரு பயிரில் கிடைத்த முடிவை இன்னொரு பயிருக்கு அப்படியே பொருத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடத் தேவையில்லை. பயிர்தோறும் விதைத்து, பூச்சி புகாத குடிலில் வளர்த்து, நாற்றைச் சோதித்துத்தான் விடை காண வேண்டும்.

அடுத்து மூன்றாவது கேள்வி. அது விதையிலிருந்து வைரஸை நீக்குவதோடு பிணைந்தது. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது வைரஸ் விதையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது. இங்கிலாந்தில் பிராட்பென்ட் 1965ல் வெளியிட்ட ஆய்வு, தக்காளி விதையில் புகையிலைத் தேமல் வைரஸ் எங்கெங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தது. விதையுறையின் மேலும் உள்ளும் நிறைய, சில விதைகளில் கருவூணில், கருவில் இல்லை. அப்படியானால் நாற்று எப்படி நோயுறுகிறது? முளைக்கும்போதும், நாற்றைப் பிடுங்கி நடும்போதும் வேரிலும் தண்டிலும் ஏற்படும் நுண்காயங்கள் வழியாக. ரூகோஸ் வைரஸுக்கும் இதே சித்திரம்தான் பொருந்துகிறது. வெளியே ஒட்டியிருப்பதைக் கழுவிவிடலாம் என்பது இதிலிருந்து பிறக்கும் நம்பிக்கை. 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் விதையுறையின் வைரஸ் செயலிழக்கிறது என்றும், முளைப்புத்திறன் பெரிதாகக் குறைவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழச்சதையிலிருந்து விதையைப் பிரிக்கும்போதே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதும் உதவுகிறது. கருவூணில் தங்கியதை மருந்து எட்டாது, வெப்பம் எட்டும். நன்கு உலர்த்திய விதையை 70 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைக்கும் முறை பழையது. ஜப்பானிலும் கொரியாவிலும் பூசணிக் குடும்ப விதைகளுக்கு இதைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். விதையில் ஈரம் சற்றுக் கூடினாலும் வைரஸோடு கருவும் செத்துவிடும். வகைக்கு வகை, குவியலுக்குக் குவியல் தாங்கும் திறனும் மாறும்.

கருவுக்குள்ளேயே வைரஸ் குடியேறிவிட்டால் இந்த முறைகளில் எதுவும் பயன்படாது. லெட்யூஸ் தேமல் வைரஸ் அப்படிப்பட்டது. அதனால்தான் சலினாஸில் விதை நேர்த்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. எண்ணிக்கையைப் பற்றியே பேசினார்கள். பட்டாணி விதைவழித் தேமல் வைரஸ் கருவுக்குள் நுழையும் பாதையை இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் வாங், மோல் இருவரும் 1990களில் கண்டுபிடித்தார்கள். சூலகத் திசுவிலிருந்து, இளங்கருவைத் தாங்கும் சிறு காம்பின் வழியே அது உள்ளே போகிறது. அந்தக் காம்பு சில நாள்களே வாழ்ந்து அழிந்துவிடும். அதற்குள் நுழைந்தால் நுழைந்தது. தவறினால் அந்த விதை தப்பித்தது. ஒரே செடியில் ஒரு விதை நோயோடும் பக்கத்து விதை நோயின்றியும் இருப்பது இப்படித்தான். கருவில் வைரஸ் உள்ள விதையைக் கருவைக் கொல்லாமல் தூய்மைப்படுத்தும் நடைமுறை வழி இன்றுவரை இல்லை. ஆகவே ‘விதை நேர்த்தி செய்யப்பட்டது’ என்று பொட்டலத்தில் அச்சிடுவது தக்காளியில் பொருளுள்ள செய்தி. லெட்யூஸிலோ அவரையிலோ வைரஸைப் பொறுத்தவரை பொருளற்றது. உழவர் இந்த வேறுபாட்டை அறியும்படி யாரும் சொல்வதில்லை.

கண்டறிதலும் நீக்குதலும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. நேர்த்தி செய்த விதையில் வைரஸ் செயலிழந்திருக்கும், ஆனால் அதன் மரபுப் பொருளின் துண்டுகள் விதையுறையில் எஞ்சியிருக்கும். பிசிஆர் அதைக் கண்டு ‘இருக்கிறது’ என்று சொல்லும். இலைத் தேய்ப்புச் சோதனை ‘நோயை உண்டாக்கவில்லை’ என்று சொல்லும். இரண்டுமே உண்மை. விதை நிறுவனங்கள் இரண்டாவதைக் கொண்டு குவியலை விடுவிக்க வேண்டும் என்கின்றன; இறக்குமதி செய்யும் நாடுகள் பலவும் முதலாவதைக் கொண்டு நிறுத்துகின்றன. விற்கும் ஆர்வம் உள்ளவரின் வாதம் என்பதற்காகவே அதைத் தள்ளிவிடக் கூடாது. இலையில் தேய்த்தது குவியலின் ஒரு சிறு பகுதிதான், கருவூணில் பதுங்கியது அந்தச் சாற்றில் குறைவாகவே இருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானதே. என் தீர்ப்பு இது: நேர்த்திக்கு முன் பிசிஆரில் வைரஸ் இல்லாத குவியலுக்கு, நேர்த்தி கூடுதல் காப்பு. நேர்த்திக்கு முன் வைரஸ் காட்டிய குவியலை, நேர்த்தி செய்து விடுவிப்பதற்கு இலைத் தேய்ப்புச் சோதனை மட்டும் போதாது. அதோடு நாற்று வளர்த்துச் சோதிப்பதும் வேண்டும். நாள்கள் கூடும். விதை ஓராண்டு கிடங்கில் தாங்கும் பொருள். அந்த நாள்களை அதற்குத் தரலாம்.

இவை எல்லாம் முடிந்த விதையின் மேல் நடக்கும் போராட்டங்கள். விதை உருவாகும் இடத்துக்குப் போனால் நிலைமை இன்னும் தெளிவாகும். உலகின் வீரிய ஒட்டுவிதைத் தக்காளி பெரும்பாலும் ஒரு நாட்டில் பெற்றோர் வகைகளாக உருவாகி, இன்னொரு நாட்டில் பெருக்கப்பட்டு, மூன்றாவது நாட்டில் விதைக்கப்படுகிறது. சீனா, தாய்லாந்து, சிலி, இந்தியா ஆகியவை பெருக்கும் நாடுகள். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்திலுள்ள ராணிபென்னூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே சிறு நிலங்களில், பெரும்பாலும் பெண்கள், மலரவிருக்கும் ஒவ்வொரு மொட்டையும் இடுக்கியால் திறந்து மகரந்தப் பைகளை நீக்குகிறார்கள். மறுநாள் அதே பூவின் சூல்முடியில் வேறு வகையின் மகரந்தத்தைக் கையால் தடவுகிறார்கள். ஒரு பழத்துக்கு இரண்டு முறையாவது மனிதக் கை. ஒவ்வொரு முறையும் பூவில் சிறு காயம். சாறு பட்டாலே பரவும் ஒரு வைரஸுக்கு இதைவிட வசதியான பயிர்முறை இருக்க முடியாது. அந்தச் செடிகளில் ஒன்று நோயுற்றால் மறுநாள் எத்தனை செடிகள் நோயுறும் என்பது அந்தப் பெண்ணின் இடுக்கி எத்தனை செடிகளுக்கு ஒருமுறை கிருமிநீக்கக் கரைசலில் தோய்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. உலகின் மறுமுனையில் இருக்கும் ஒரு குடிலின் நலம் இங்கே கூலிக்கு வேலை செய்பவரின் நேரத்தில் அடங்கியிருக்கிறது. மொட்டுக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு இடுக்கியைக் கழுவ நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வது நடவாத காரியம். விதை நலத்தைப் பற்றிய எந்தத் திட்டமும் இந்தக் கூலிக் கணக்கைத் தொடாமல் வெற்றி பெறாது.

சோதனையின் கணக்கும் இங்கே தலைகீழாக மாறுகிறது. ஒரு கிராமில் ஏறத்தாழ 300 தக்காளி விதைகள் இருக்கும். 20,000 விதைகளை அரைத்தால் விலையுயர்ந்த ஒட்டுவிதை 60, 70 கிராம் அழிகிறது. சிறு குவியலானால் பாதியே போய்விடும். தாய்ச்செடியிலோ இலையைக் கிள்ளினால் போதும், ஒரு விதையும் வீணாகாது. நோயுற்ற செடியின் இளம் இலைகளில் வைரஸ் ஏராளமாக இருப்பதால், பல செடிகளின் இலைகளை ஒன்றுசேர்த்து அரைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பயிர்க் காலத்தில் இரண்டு மூன்று முறை ஒவ்வொரு செடியையும் இப்படிப் பார்க்க முடியும். விதைக்குவியலில் நாம் ஒரு சிறு மாதிரியைத்தான் பார்க்கிறோம். தாய்ச்செடித் தோட்டத்தில் முழுத் தொகையையும் பார்க்கலாம். முதல் பத்தியில் சொன்ன 5 சதவீதத் தப்பும் வாய்ப்பு அங்கே பெருமளவு குறைந்துவிடுகிறது. பிரான்சும் நெதர்லாந்தும் தக்காளியின் பாக்டீரியா கேன்கர் நோய்க்காகத் தொடங்கிய ஜிஎஸ்பிபி என்ற கூட்டு ஏற்பாடு இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். சோதித்த பெற்றோர் விதை, தனித்த குடில், நுழையும் இடத்தில் உடையும் காலணியும் மாற்றுதல், ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவு. வைரஸுக்கும் அது பொருந்தும்.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, நோய் எல்லா இடத்திலும் பரவிவிட்டது, இனி விதையைக் காப்பதால் என்ன பயன் என்பது. ஐரோப்பிய ஒன்றியமே 2019ல் கொண்டுவந்த அவசர நடவடிக்கைகளைக் கைவிட்டு, 2025 ஜனவரி முதல் ரூகோஸ் வைரஸைத் தடைப்பட்டியல் நோயாகக் கருதுவதை நிறுத்திவிட்டதே என்று இவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் அங்கே நடந்தது கைவிடல் அல்ல. நோயுற்ற குடிலை அழிப்பது, பகுதியை முற்றுகையிடுவது போன்றவை நின்றன. விதையிலும் நாற்றிலும் வைரஸ் கூடாது என்ற விதி நீடிக்கிறது. பரவிவிட்ட நோயில் விதையின் பங்கு கூடுமே தவிரக் குறையாது. ஒரு குடிலைக் கழுவித் தூய்மைப்படுத்திய உழவர் அடுத்த பருவத்தில் நோயுற்ற நாற்றை நட்டால் அவர் உழைப்பு முழுவதும் பாழ். ரூகோஸைத் தாங்கும் புதிய தக்காளி வகைகள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலும் சில, நோய்க்குறி காட்டாமல் வைரஸைச் சுமக்கக்கூடியவை. நோய் கண்ணுக்குத் தெரியாத செடியிலிருந்து எடுக்கும் விதைக்குச் சோதனை இன்னும் தேவை.

இரண்டாவது மறுப்பு நம்மூருக்கு நெருக்கமானது. சோதனையும் சான்றும் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுபடியாகும். தன் தோட்டத்துத் தக்காளியிலிருந்தும் புடலையிலிருந்தும் விதை எடுத்து வைத்து, பக்கத்து ஊருக்கும் கொடுக்கும் உழவரை இந்த விதிகள் குற்றவாளியாக்கிவிடும் என்ற அச்சம். இந்த அச்சம் நியாயமானது. மரபு விதையைக் காக்கும் ஒருவர் கையில் இருப்பதே 200 விதைகள் என்றால் 3,000 விதைச் சோதனை என்பது கேலிக்கூத்து. ஆனால் வைரஸ் விதையின் வகையைப் பார்ப்பதில்லை. பழச்சதையைப் புளிக்கவைத்து விதை எடுக்கும் வீட்டு முறை சில பாக்டீரியாக்களைக் குறைக்கலாம், இந்தக் குச்சி வைரஸ்களை அழிக்காது. நோயுற்ற செடியின் விதை ஒரு விதைத் திருவிழாவில் பத்து ஊருக்குப் பிரிந்தால் நோயும் பத்து ஊருக்குப் போகும். விதிகளை உழவர் விதைப் பரிமாற்றத்தின் மேல் திணிப்பது இதற்கு விடையல்ல. சிறு விதைக்காப்பாளருக்குச் சான்றிதழ் கேட்காமல், தாய்ச்செடியைச் சோதித்துத் தரும் பொது வசதியை ஏற்படுத்தலாம். விதைக்கென்று ஒதுக்கிய பத்துச் செடிகளின் இலைகளை ஒரு பையில் போட்டு வேளாண் அறிவியல் மையத்துக்கு அனுப்பினால், ஒரே சோதனையில் விடை சொல்ல முடியும். டிரைசோடியம் பாஸ்பேட் விலை குறைந்த பொருள். கரைசலின் அளவும் நேரமும் கழுவும் முறையும் ஒரு துண்டறிக்கையில் அடங்கும். இந்தியாவின் விதைச் சான்றளிப்பு இனத்தூய்மைக்கும் முளைப்புத்திறனுக்கும் கொடுக்கும் முதன்மையை விதைவழி வைரஸுக்குக் கொடுப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பணியைத் தாய்ச்செடியின் இலையிலிருந்து தொடங்கினால், பெரிய நிறுவனத்துக்கும் சிறு தோட்டத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தும். விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறனுக்குப் பக்கத்தில், தாய்ச்செடிகள் எத்தனை முறை சோதிக்கப்பட்டன, எத்தனை விதைகள் எந்த முறையில் சோதிக்கப்பட்டன, நேர்த்தி எது என்ற மூன்று வரிகளையும் அச்சிடுவதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை.